நர்ஸம்மாவ அக்கான்னு கூப்புடு தம்பி

வா தம்பி, குந்து. முண்டியம்பாக்கத்துல ஹவுஸ் சர்ஜனாமே? கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு, கையில ஸ்மார்ட் வாட்ச்சு, போனு நெறைய வைத்திய வீடியோ. ஜோடனை எல்லாம் சோக்காத்தான் இருக்கு. ஊசி குத்தப் போனா மட்டும் நரம்பு ஏன்டா ஆப்புட மாட்டேங்குது?

கோச்சுக்காத. கெழவி கையில நரம்பு பச்சையாத் தெரியும். குத்தப் போனா வழுக்கிக்கிட்டு ஓடும். தோல இழுத்துப் புடி. கண்ணால தேடாத, வெரலால தடவு. இத எந்த வாட்ச்சு சொல்லும்?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல நாலு வழி ரோடு. ராவும் பகலும் வண்டி பறக்குது. அடிபட்டவன வாசல்லயே செவப்பு, மஞ்சா, பச்சைன்னு பிரிக்கிறாங்க. எவன் பெருசா கத்துறானோ அவங்கிட்டதான் நீ ஓடுற. கத்துறவனுக்கு மூச்சு இருக்குதுடா! சத்தங்காட்டாம கெடக்கறான் பாரு, அவனண்ட ஓடு மொதல்ல. ரோட்டுல அடிபட்டவனோட மொத 48 மணி நேரச் செலவப் பாத்துக்கத் திட்டம் போட்டு 2021-லயே வந்துடுச்சி. சர்க்கார் காசு குடுக்கும். கைப்பழக்கத்தயுமா குடுக்கும்?

இப்ப மல்லாட்டைக் கொல்லைக்கு வா. கண்ணாடி விரியன் கடிச்சி ஒருத்தன் வரான். இன்னா பண்ணுவ? போனத் தடவுவ. அத வெச்சிட்டு ரத்தம் 2 மில்லி எடு. புதுசா, காஞ்சிருக்கற கண்ணாடிக் குழாயில வுடு. பிளாஸ்டிக் ஆவாது. சோப்புப் போட்டுக் கழுவுனதும் ஆவாது. 20 நிமிஷம் ஆட்டாம வெச்சி, அப்புறம் சாய்ச்சிப் பாரு. உறையாம தண்ணியா ஓடுச்சின்னா வெஷம் வேலையக் காட்டிடுச்சி, மருந்த ஏத்து. அம்புட்டுதான் பரீட்சை. நீ இன்னாடான்னா நிமிஷத்துக்கொரு தரம் தூக்கி ஆட்டுற. அடையில குந்தியிருக்கற கோழிய அப்படித் தூக்கித் தூக்கிப் பாத்தா குஞ்சு பொரிக்குமா?

அந்த வெஷமுறிவு மருந்து எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா? பாம்புகிட்ட வெஷத்த எடுத்துத்தான் மருந்தே செய்யறாங்க. அதுக்குன்னு வடநெம்மேலியில இருளருங்க 1978-ல சங்கம் வெச்சாங்க. பாம்பு புடிக்கற வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்க எந்த வீடியோவப் பாத்துக் கத்துக்கினாங்க? பெரியவங்க புடிக்கறத பக்கத்துல நின்னு பாத்தாங்க, அப்புறம் கைய வெச்சாங்க.

நீயும் அதான் பண்ணணும். பொம்மை மேல நெஞ்ச அமுக்கிப் பழகுறியா? நல்லா பழகு, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தரம். பொம்மைக்கு வலிக்காது, திட்டாது. ஆனா அதோட சொந்தக்காரன் வாசல்ல நின்னு ஒன் மூஞ்சியவே பாக்க மாட்டான். நெசமான ஆளுக்கு அவன் இருப்பான். அப்ப கை நடுங்கும். நடுங்கட்டும், தப்பில்ல. தெரியலன்னு சொல்ல வெக்கப்படாத. தெரியாமயே குத்துறதுக்கு வெக்கப்படு.

ராத்திரி டூட்டி நர்ஸம்மா எத்தினி ஆயிரம் நரம்பப் பாத்திருப்பாங்க? அவங்கள 'சிஸ்டர்!'னு அதட்டாத. 'அக்கா, ஒருதரம் காட்டுங்க'ன்னு கேளு. எம்பிபிஎஸ் பட்டம் ஒண்ணும் தேஞ்சிப் பூடாது.