ஊரைக் கூட்டிப் பள்ளியின் எதிர்காலத்தை முடிவு செய்வது எப்படி?

தலைமையாசிரியராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? வாழ்த்துகள். பாடம் நடத்துவதைவிடச் சிரமமான வேலை ஒன்று காத்திருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தப்பிக்க வழி வைக்கவில்லை. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேராக இருந்தது, 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆகிவிட்டது. 24 வாய் என்று எண்ணினால் தூக்கம் போய்விடும். 24 கையெழுத்து என்று எண்ணிப் பழகுங்கள்.

முதலில் நாள் குறியுங்கள். ஊரில் நடவு எப்போது, நூறு நாள் வேலை எந்தப் பக்கம் நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, அதே நாளில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வையுங்கள். தகவலை முதல் நாள் மாலை பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் போதும். பாதிப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார்கள். எஞ்சிய பாதி, "நாளைக்கு மீட்டிங்காம்" என்று சொல்லும், எதற்கு என்று சொல்லாது.

அடுத்தது இருக்கை. இதில் கவனம் தேவை. வார்டு மெம்பருக்கும் உங்களுக்கும் நாற்காலி. குழுவின் தலைவியான அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், அவர் எப்படியும் அதை வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொள்வார். மற்றவர்களை ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வையுங்கள். முழங்கால் முகவாயை இடிக்கும்படி உட்கார்ந்திருப்பவருக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வராது. என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

ஊரிடம் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் தெளிவு வேண்டும். 1950களின் இறுதியில், காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றும் கல்விச் சீர் என்று தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், தலைச்சுமையாக நாற்காலியும் பீரோவும் மேளத்தோடு வருகின்றன. வாசலில் நின்று கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யோசனையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினால் மட்டும், "மேலிடத்துக்கு எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி வளர்ச்சித் திட்டம். சென்ற ஆண்டுத் திட்டத்தை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றுங்கள். காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்ற வரிசை கலையக் கூடாது. கழிப்பறைக்குத் தண்ணீர் என்று யாராவது நுணுக்கமாகப் போனால் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடுங்கள். எதிர்காலத்தைப் பற்றி விரிவாகப் பேசியே தீர வேண்டும் என்றால் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுங்கள். ஒருவரும் குறுக்கிட மாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் எல்லாக் கூட்டத்திலும் ஓர் அம்மா இருப்பார். இடுப்பில் பிள்ளையோடு கடைசியில் நிற்பவர். அவர் கேட்பார்: "சார், அஞ்சு கிளாசுக்கு ரெண்டு டீச்சர்தான். ஒருத்தங்க ட்ரெய்னிங் போயிட்டா மீதி ஒருத்தங்களே அஞ்சையும் பாக்குறாங்களா?" 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது என்று விளக்குங்கள். அவர் விடமாட்டார். "அதனாலதான் எங்க தெருவுல எல்லாரும் வேன்ல அனுப்புறாங்க. இருக்கிறதும் குறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்களா?"

கூட்டத்தில் அதுவரை பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பதறாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் கடைசியாக 'இதர' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதன் கீழ், "ஆசிரியர் தொடர்பாக உறுப்பினர் ஒருவர் பேசினார்" என்று எழுதிவிட்டுப் போட்டோவுக்கு எழச் சொல்லுங்கள். போட்டோவில் எல்லோரும் கை தூக்கியிருக்க வேண்டும். எதற்காகத் தூக்கினார்கள் என்பது போட்டோவில் தெரியாது.

கையெழுத்து முடிந்ததும் பேனாவை மறக்காமல் திருப்பி வாங்குங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டேன். அந்த அம்மா அடுத்த மாதம் அதே பேனாவால் எழுதிய நான்கு பக்கத் திட்டத்தோடு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.