பத்தாயிரமா, ஐயாயிரமா? - இன்ஜின் ஆயில் கேள்வி பதில்

கே: கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. பட்டறையில் 5,000 என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? - வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்

ப: கார் எங்கே ஓடுகிறது என்று சொல்லுங்கள், சொல்கிறேன். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்று இருக்கும். அதே கையேட்டில் சில பக்கம் தள்ளி இன்னொரு அட்டவணை உண்டு. தூசி, நெரிசல், குறுகிய தூர ஓட்டம், மலைச் சாலை இவற்றில் ஓடும் வண்டிக்கானது அது. அதில் இடைவெளி ஏறக்குறையப் பாதியாகிவிடும். தினமும் நான்குவழிச் சாலையில் மதுரை போய் வருகிறீர்களா? முதல் அட்டவணை உங்களுக்கு. நாகல் நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று சுற்றுகிறீர்களா? தயங்காமல் இரண்டாவது. நம் ஊர் கார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது அட்டவணையைச் சேர்ந்தவைதான். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

கே: அப்படியானால் அந்த 3,000, 5,000 கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? - வாசகர், வேடசந்தூர்

ப: அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்திலிருந்து. கார்புரேட்டர் வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். அன்றைய ஆயிலுக்கும் அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. சீக்கிரம் மாற்றச் சொன்ன மூத்த மெக்கானிக்குகள் அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். அமெரிக்காவிலும் இதே கதை. 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று இரண்டு தலைமுறை பழகியது. இன்று அங்கே 0டபிள்யூ-20 செயற்கை ஆயில் ஊற்றும் டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 10,000 மைல் என்கிறது அதே நிறுவனம்.

கே: வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதாதா? - ஆசிரியை, சின்னாளபட்டி

ப: போதாது அம்மா. கடினமாக உழைக்கும் கார் உங்களுடையதுதான் என்றால் நம்புவீர்களா? ஆயில் முழுச் சூட்டுக்கு வர கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். வெளியே நம் ஊர் வெயில் எவ்வளவு அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். ஆயிலுக்குத் தேவையான சூடு 90 டிகிரிக்கு மேல். இன்ஜினுக்குள் எரியும் பெட்ரோலிலிருந்து நீராவி பிறக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால் உள்ளேயே தண்ணீராகி ஆயிலில் இறங்கும். கூடவே கொஞ்சம் பெட்ரோலும் இறங்கும். தண்ணீரும் அமிலமும் சேர்ந்த அந்த ஆயில், ஓடாமல் நிற்கும்போதும் உலோகத்தை அரிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணிறத்தில் குழைவாக ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்கிறது என்று பொருள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் மிக நல்லது. ஓராண்டைத் தாண்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழனி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். முருகனும் தெரிவார், ஆயிலில் உள்ள ஈரமும் போகும். மூடியில் மட்டுமின்றி ஆயில் முழுவதுமே பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் விஷயம் வேறு: ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: டிராக்டருக்கு மணிக்கணக்கில் ஆயில் மாற்றுகிறோம். காருக்கு மட்டும் ஏன் கிலோமீட்டர்? - விவசாயி, நிலக்கோட்டை

ப: நெஞ்சாரப் பாராட்டுகிறேன். இந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பல டிராக்டர்களில் 250 மணி நேரத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸ். அந்தக் கணக்கைக் காருக்குப் போட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் சராசரியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 10,000 கிலோமீட்டர் ஓட 125 மணி நேரம் ஆகும். ஊருக்குள் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே 10,000 ஓட 500 மணி நேரம்! மீட்டரில் ஒரே எண். இன்ஜின் உழைத்ததோ நான்கு மடங்கு. டிராக்டர் சுமக்கும் பாரம் வேறு, கார் சுமக்கும் பாரம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஆயிலுக்கு நேரம்தான் வயது. ஏசி போட்டு நின்றபடியே இன்ஜினை ஓட விடுகிறவர்கள் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிற்கும் காரில் மீட்டர் நகராது.

கே: சீசனில் தினமும் கொடைக்கானல் சவாரி. டர்போ டீசல் வண்டி. ஆயில் எப்போது மாற்ற? - கால் டாக்ஸி ஓட்டுநர், வத்தலக்குண்டு

ப: கையேட்டில் டீசலுக்குப் போட்டிருக்கும் இடைவெளியில் பாதி. காட்ரோட்டுக்கு மேல் நீங்கள் ஏறுவது சாதாரண ஏற்றமா? சமவெளியிலிருந்து 2,100 மீட்டர் உயரம் வரை ஆள் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஏறி முடித்த கையோடு சாவியைத் திருப்பி அணைத்தால், சூட்டில் அந்த ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். இது ஆயில் விஷயம் இல்லை, உங்கள் உயிர் விஷயம், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கே: மாற்றி ஒரு வாரத்தில் ஆயில் கருத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? - காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

ப: டீசல் பிக்கப்தானே? கருக்கத்தான் செய்யும். புகைக்கரியைத் தன்னோடு மிதக்க வைத்துச் சுமப்பது ஆயிலின் வேலை. நிறத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். நிறத்தைப் பார்த்து விட்டுவிடவும் செய்யாதீர்கள். சந்தேகத்துக்கு மருந்து ஒன்று உண்டு: சீல் உடைக்காத கேனை உங்கள் கண் எதிரே திறக்கச் சொல்லுங்கள். காலிக் கேனைக் கையோடு ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவன் கைக்குப் போகாது.

கே: ஆயில் அளவு பார்ப்பது எப்படி? - கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுங்கள், மேலே இருக்கும் ஆயில் சேம்பரில் இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவி பனியன் வேஸ்ட்டில் சுத்தமாகத் துடையுங்கள். முழுக்கச் செருகி மறுபடி உருவுங்கள். முதலில் உருவியபோது தெரிந்ததை நம்ப வேண்டாம், இரண்டாவதுதான் கணக்கு. இரண்டு குறிக்கும் நடுவில் ஈரம் நின்றால் சரி. கீழ்க்குறிக்குக் கீழே போனால் அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். பிஎஸ்-6 டீசல் வண்டியில் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது; உடனே காட்டுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். ஆயில் மாற்றும் தேதியைவிட இந்தப் பழக்கம்தான் அதிக இன்ஜின்களைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

கே: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தானே நல்லது? - வாசகர், பழனி

ப: இல்லை. 0டபிள்யூ-20க்கு வடிவமைத்த இன்ஜினில் ஆயில் போகும் இடைவெளிகள் நுண்ணியவை. 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேட்டில் உள்ள ரகமே போதும்.

கே: மீந்த கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றலாமா? - வாசகர், நத்தம்

ப: வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயிலின் வழுக்கலில் அது நழுவும். பைக்குக்கு ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று போட்ட ஆயில்.

கே: பில்டரையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா? - வாசகர், பேகம்பூர்

ப: ஆம். டிரெயின் போல்ட்டின் வாஷரையும்.

கே: கிரஷர் பக்கம் வேலை. எப்போதும் தூசி. - லாரி உரிமையாளரின் மகன், திண்டுக்கல்

ப: முதலில் ஏர் பில்டர், அப்புறம்தான் ஆயில். கல் தூசியில் இருக்கும் சிலிக்கா பிஸ்டன் ரிங்கை அரம்போல் ராவும். பில்டர் வழியாக நுழைந்துவிட்டால் ஆயில் எத்தனை புதிதானாலும் காக்காது. பில்டர் உட்காரும் இடத்தில் ரப்பர் ஓரம் பொருந்தியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் காற்று சந்து வழியாகப் போகிறது.

கே: பழைய ஆயிலை என்ன செய்வது? கரையானுக்கு மரத்தில் பூசலாமா? - வாசகர், ஆத்தூர்

ப: கூடாது. மாட்டுப் புண்ணில் தடவுவதும் கூடாது. அதில் உலோகத் துகளும் நச்சும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்டால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடியுள்ள கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். அனுப்புகிறார்களா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கே: ஓடும்போது எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டலாமா? - வாசகர், அய்யலூர்

ப: நூறு மீட்டர்கூட வேண்டாம். ஓரமாக நிறுத்தி அணையுங்கள். அந்த விளக்கு சொல்வது ஆயில் அழுத்தம் இல்லை என்பதை. அழுத்தம் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே பேரிங் போய் இன்ஜின் சீஸ் ஆகலாம். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணையவில்லையென்றால் மறுபடி முயலாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அதன் வாடகை, இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.