கட்டியைக் கவனிடா, பேராண்டி

வாடா பேராண்டி, உட்காரு. மெதுவா ஆடுற ஆட்டத்தை அளக்க ஒளியால ஒரு ஆக்ஸிலரோமீட்டர் செய்யப்போறியாமே! உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. லேசர், ஒளியிழை, 1550 நானோமீட்டர்னு நீ அடுக்குறதைக் கேட்டா காது குளிருது. உள்ள ஆடுற கட்டி எத்தனை கிராம், அதைத் தாங்குற கீலை எதுல வெட்டப்போறேன்னு கேட்டா மட்டும் போனை எடுத்துப் பாக்குற. படிச்ச பிள்ளை. அதெல்லாம் லேத்துப் பட்டறைக்காரன் வேலைன்னு விட்டிருப்ப.

நான் என்னத்தைக் கண்டேன், நாட்டுப்புறத்தான். ஆனாலும் ஆடுறது கட்டிதான்டா. ஒளி அந்த ஆட்டத்துக்குக் கணக்கு எழுதும், அவ்வளவுதான்.

மெதுவான ஆட்டம்னா சுலபம்னு நினைச்சுட்ட போல. 1 மில்லிமீட்டர் வீச்சுல நொடிக்கு நூறு தடவை ஆடினா, முடுக்கம் 40 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 40 மடங்கு. அதே 1 மில்லிமீட்டர் பத்து நொடிக்கு ஒரு தடவை ஆடினா? புவியீர்ப்புல 25,000-ல ஒரு பங்கு! அழுத்தினா மின்னூட்டம் தர்ற பீசோ படிகம் இங்க ஆகாது, அத்தனை மெதுவுல அதோட மின்னூட்டம் கசிஞ்சே போயிடும். லண்டன்ல மில்லேனியம் பாலத்தை 2000 ஜூன் 10-ம் தேதி திறந்தாங்க. நடந்தவங்க காலடிக்கே அது பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சு, ரெண்டே நாள்ல மூடினாங்க. மறுபடி திறக்க 2002 ஆயிடுச்சு. அந்த ஆட்டம் நொடிக்கு ஒரு தடவை, இல்ல அதுக்கும் கம்மி. உன் பெட்டி பிடிக்கவேண்டியது இந்த ரகம்.

சரி, உன் இழைக்கு வருவோம். 1978-ல கனடாவுல கென் ஹில்லும் கூட்டாளிங்களும் கண்ணாடி இழைக்குள்ள ஒளியாலயே கிரேட்டிங், அதாவது ஒரே ஒரு அலைநீளத்தைத் திருப்பி அனுப்புற வரிசைக் கோடுகள், விழவெச்சாங்க. இழை நீண்டா, அது திருப்பி அனுப்புற அலைநீளம் நகரும். அருமையான சங்கதி. அதுக்காக 125 மைக்ரான் இழைதானே, நூல் மாதிரி இளகிக் கொடுக்கும்னு எண்ணாதே. 10 மில்லிமீட்டர் துண்டை ஒரே ஒரு மைக்ரான் நீட்ட ஒன்பது கிராம் எடை தொங்கணும். அதுல 100 கிராம் கட்டியை நேராத் தொங்கவிட்டா 148 ஹெர்ட்ஸ்ல ஆடும். ஆயிரத்துல ஒரு பங்கு ஜி வந்தா அலைநீளம் 1.4 பிக்கோமீட்டர் நகரும். உன் லேப்ல இருக்கிற கருவிக்கு அது கண்ணுல பட்டாலே பெரிசு.

என்ன செய்வ? நம்ம கிணத்து ஏத்தம் எப்படி நின்னுச்சோ அப்படிச் செய். இழை கீலுக்குக் கிட்ட, கட்டி பத்து மடங்கு தள்ளி. இப்ப 1.4 பிக்கோமீட்டர் 14 ஆகும். உடனே விசிலடிக்காத. 148 ஹெர்ட்ஸ் 15-க்கு இறங்கியிருக்கும். உணர்வு கூடக்கூட, அளக்கிற எல்லை சுருங்கும். இந்தப் பேரத்துல எந்த லேசரும் உனக்காகப் பேச வராது.

இன்னும் இளக்கணுமா? தாராளமா இளக்கு, யாரு தடுத்தா? இயல்பு அதிர்வெண்ணை 1 ஹெர்ட்ஸுக்குக் கொண்டாந்து, கட்டியை ஸ்பிரிங்ல செங்குத்தாத் தொங்கவிடு. சொந்த எடைக்கே 25 சென்டிமீட்டர் கீழ வந்து நிக்கும். பெட்டி போதாது, பீரோ வாங்கிக்க. அட, அந்த 15 ஹெர்ட்ஸ் ஏத்தத்தையே செங்குத்து ஆட்டத்துக்கு வெச்சுப் பாரேன். புவியீர்ப்பு மட்டுமே இழையை நூத்துக்கு ஒரு பங்குக்கு மேல இழுத்து வெச்சிருக்கும். மேலுறை உரிச்சுக் கிரேட்டிங் போட்ட இழை அதை வருஷக்கணக்கா தாங்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடாதே. கட்டியோட எடையைத் தாங்க தனியா ஒரு ஸ்பிரிங் வை.

கீலு அகலமா, மெல்லிசா இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் வளையணும், குறுக்க முறுக்கிக்கக் கூடாது. இல்லேன்னா வடக்க ஆடுறதுக்கும் கிழக்க ஆடுறதுக்கும் உன் பெட்டி ஒரே பதிலைச் சொல்லும்.

அப்புறம் வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினா கிரேட்டிங் 10 பிக்கோமீட்டர் நகரும். மேகம் விலகினதைப் பாலம் அசைஞ்சதா எழுதி நீ ஜர்னலுக்கு அனுப்புவ, நானும் மாலையோட வருவேன். அது வேண்டாம்னா கீலுக்கு அந்தப் பக்கமும் ஒரு இழை கட்டு. ஒண்ணு நீளும்போது மத்தது தளரும், சூடு மட்டும் ரெண்டையும் ஒரே பக்கம் தள்ளும். கழிச்சா சூடு போச்சு. ஆனா இழையைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். அதனால முன்கூட்டியே ரெண்டையும் இழுத்து ஒட்டு. ரெண்டாவது இழை வந்ததும் உன் 15 ஹெர்ட்ஸ் 21 ஆயிடும். கணக்கைத் திரும்பப் போடு.

ஆட்டத்தைத் தணிக்க சிலிகோன் எண்ணெய் ஊத்துவ. ஊத்து. குளிருல கெட்டியாகும்னு ஞாபகம் வெச்சுக்க.

இதையெல்லாம் தாண்டி வந்தாலும் சாய்வுன்னு ஒருத்தன் உக்காந்திருப்பான். ஒரு மீட்டர் பலகையோட நுனியில 1 மில்லிமீட்டர் அட்டை செருகின சாய்வு போதும், படுக்கை வாக்குல வெச்ச கட்டி ஆயிரத்துல ஒரு பங்கு ஜி வந்துட்டதா சொல்லும். நெசமான ஆட்டமா சாய்வான்னு அந்தக் கட்டிக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

ஆனா அவனையே கூலியில்லாம வேலைக்கு வெச்சுக்கலாம். 0.1 ஹெர்ட்ஸ்ல, நொடிக்கு நொடி 1 மீட்டர் முடுக்கம் காட்டி உன் பெட்டியைச் சோதிக்கணும்னா, ஆட்டுற மேஜை அந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், இந்தப் பக்கம் இரண்டரை மீட்டர் ஓடணும். உங்க லேப்ல சுவரை இடிக்கணும். அதுக்குப் பதிலா பெட்டியை ஒரு டிகிரி சாய், 0.17 கிடைக்கும். இன்னும் சாய், இன்னும் கிடைக்கும். கைடு கேட்டா ‘நிலை அளவுத்திருத்தம்’னு கம்பீரமாச் சொல்லு. செலவில்லைன்னதும் அந்த மனுஷன் மறுகேள்வி கேக்கமாட்டார்.