வெள்ளிக்கிழமை மசோதா

கிராமத் தொகுதியொன்றின் பிரதிநிதியாக லோக்சபைக்குச் சென்றவர், ஏரி மதகு உடைந்த சமாசாரத்தை 377-ஆம் விதியின்கீழ் எழுதி, சபையின் மேஜைமீது சமர்ப்பித்துவிட்டு, மதகே சீரான திருப்தியுடன் ஊர் திரும்புவார். வாய்மொழி விடை கோரும் நட்சத்திரக் கேள்விகள் நாளொன்றுக்கு 20 மட்டுமே; அதற்கும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்; விழுந்தாலும், முதல் நாலைந்து கேள்விகளிலேயே கேள்விகளுக்கென ஒதுக்கிய ஒரு மணி நேரம் கரைந்துபோவது சகஜமாதலால், பன்னிரண்டாவதாகக் காத்து நிற்கும் மதகுக்கு, 'இது மாநில அரசைச் சார்ந்தது' என்னும் அச்சிட்ட விடையே பிராப்தி. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் தனிநபர் மசோதா கொண்டுவரலாமே என்பீர்கள். பேஷாகக் கொண்டுவரலாம்! சுதந்திரத்துக்குப் பின் அவ்விதம் சட்டமானவை 14; கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். தொகுதி ஜனங்களோ இவற்றையெல்லாம் விசாரிப்பதேயில்லை. பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்பதே அவர்களுடைய நட்சத்திரக் கேள்வி. அதற்குத் துணைக்கேள்விகளும் ஏராளம்.