சாவி மௌன விசாரம்

பெங்களூரின் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது. மதுரையை மனத்தில் வைத்துக்கொண்டு, விபூதிப் பிரசாதத்தை எதிர்பார்த்து உள்ளே போகும் தமிழர், அங்கே பெருமாள் எழுந்தருளியிருக்கக் கண்டு, திகைப்பை மறைத்துத் துளசி தீர்த்தத்துக்குக் கையேந்துவது உண்டு. நானும் அப்படிக் கையேந்தியவனே. சோழர் காலத்ததென்று சொல்லப்படும் அக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் காணப்படுகிறது. அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தியும் கல்லில் இருக்கிறது. நிலைக்கால் கொடுத்தவரைச் சிரஞ்சீவியாக்கிய அந்தப் புண்ணியவான்கள், கதவுக்குப் பூட்டும் சாவியும் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி, நான் படித்த அளவில், வாய் திறக்கவில்லை. சாவி சம்பந்தமான இப்புராதன அலட்சியத்தை ஒருவாறு நிவர்த்தி செய்யும் நோக்கத்துடனேயே, சென்ற வெள்ளிக்கிழமை மாலை அதே கோயிலை அடுத்த சந்தில் என் கார்ச் சாவி திடீரென்று மௌனவிரதம் பூண்டதன் காரணத்தைச் சாஸ்திரோக்தமாக விசாரிக்கத் துணிந்தேன்.

முதலில் லட்சணம் கூறுவது மரபு. திண்டுக்கல்லில் அடித்துத் தரும் மாங்காய்ப் பூட்டு இருக்கிறதே, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு வம்சத்துக்கும் அதன் சாவிக்கும் உள்ளது ஸ்பரிச சம்பந்தம். பல்லோடு பல் பொருந்தினாலன்றி அங்கே காரியம் நடவாது. கார்ச் சாவிக்கும் காருக்கும் உள்ளதோ அசரீரி சம்பந்தம். பொத்தானை அமுக்கியதும், நம் நாட்டில் பெரும்பாலும் 433.92 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில், சாவி ஒரு ரகசியச் சொல்லைக் காற்றில் உச்சரிக்க, எங்கோ இருபது முப்பது அடிக்கு அப்பால் நிற்கும் கார் அதைக் கேட்டுக் கண்சிமிட்டுகிறது. 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் ரெனோ நிறுவனத்தின் ஃபுயேகோ காரில், தூர இருந்தே கதவைத் திறக்கும் வித்தை முதலில் வந்தபோது, அதை அமைத்த பால் லிப்ஷுட்ஸ் என்பவரின் இனிஷியலையும் குடும்பப் பெயரின் தலைப்பகுதியையும் ஒட்டவைத்து, பிரெஞ்சுக்காரர் அதற்குப் ‘ப்ளிப்’ என்று நாமகரணம் செய்தார்கள். இனிஷியல் விஷயத்தில் இத்தனை தலைமுறை அனுபவமுள்ள தமிழர்கள் வெறுமனே ‘ரிமோட்டு’ என்று சொல்லித் திருப்தியடைந்தது வருந்தத்தக்கது.

இனிப் பூர்வபட்சம். சாவி பேசாத இடத்தில் பண்டிதர்கள் தாமாகவே கூடுகிறார்கள். கால் மணி நேரத்துக்குள் அச்சந்தில் நான்கு மதங்கள் ஸ்தாபிக்கப்பட்டன. அவற்றுள் ஆதியானதும், அடியேனே ஆசாரியனாக இருந்து அனுஷ்டித்ததுமான அமுக்குவாதம், பொத்தானை முன்னிலும் பலமாக அமுக்கினால் அலை முன்னிலும் பலமாகப் போகும் என்ற சித்தாந்தத்தை உடையது. லிப்ட் வரவில்லை என்று பொத்தானை ஏழு முறை குத்துகிறவர்கள் யாவரும் இம்மதத்தினரே. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தேய்ப்புவாதி. “முந்தானையில நல்லா தொடச்சிட்டு அமுக்கிப் பாருங்க சாமி” என்றார். முந்தானை இல்லாத குறையை வேட்டி தீர்த்தது, பயன்தான் இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து இறங்கிவந்த ஐ.டி. இளைஞர், சாவியைக் கைபேசிக் காமிராவுக்கு முன் பிடித்து அமுக்கச் சொல்லி, வெளிச்சம் எதுவும் தெரியாமையால் சாவி காலமாகிவிட்டது என்று தீர்ப்பளித்தார். டெலிவிஷன் ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைக் காமிரா காணும். காரின் ரேடியோ அலையை எந்தக் காமிராவும் காணாது. ஒரு தர்மத்தைப் பார்த்துவிட்டு மற்றொரு தர்மியைக் கொன்ற அந்த இளைஞரை மன்னித்துவிட்டேன்.

நான்காவதான சிரோவாதத்தை மட்டும் அவ்வளவு இலேசாகத் தள்ளுவதற்கில்லை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், “மோவாய்க் கட்டையில வச்சு அமுக்குங்க சார்” என்றபோது கூட்டம் சிரித்தது, அடியேனும் சிரித்தேன். ஆனால் நீர் நிறைந்த மண்டை ஒருவகை ஆன்டெனாவாக உதவி, சாவியின் சத்தத்தை இன்னும் சில கஜ தூரம் கொண்டுசேர்க்கிறது என்பது பௌதிக சாஸ்திரத்துக்கு உடன்பாடே. தலைக்குள் அறிவு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. நான் வைத்துப் பார்த்தேன். கார் ஒருமுறை கண்ணைத் திறந்து, மீண்டும் மூடிக்கொண்டது.

இங்கேதான் பிரமாண விசாரம் அவசியமாகிறது. அமுக்கும்போதெல்லாம் சாவியின் நெற்றியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. விளக்கு எரிகிறது, ஆகவே செல்லுக்கு உயிர் இருக்கிறது, ஆகவே பழுது காரில்தான் என்று அனுமானித்து, டெலிபோனில் ஒரு சர்வீஸ் நிலையத்தைக் கலந்தேன். அவர்களும் அனுமானத்தில் வல்லவர்கள்தாம், சாவியையே மாற்றவேண்டும் என்று கூறி, அடியேனின் முதல் வேலையில் மூன்று மாதச் சம்பளத்தை ஒத்த ஒரு தொகையைச் சொன்னார்கள். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிக்கும் தார்க்கிகர், மூடுபனியைப் புகையென்று மயங்கினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். சிறு விளக்கை எரிக்கச் சொற்ப மின்சாரமே போதும். அலையை வெகுதூரம் அனுப்ப அதனினும் அதிகம் வேண்டும். சாகக் கிடக்கும் செல் விளக்கைக் காட்டும், குரல் எழுப்பாது.

சாவிக்கும் காருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டிருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. ஒருமுறை சொன்ன ரகசியச் சொல்லைச் சாவி மறுமுறை சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1980களில் தோன்றிய கீலாக் போன்ற முறைகளில், இருதரப்பும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போகின்றன. வீட்டுக் குழந்தை சாவியைக் கிலுகிலுப்பையாக்கிப் பலமுறை அமுக்கிவிட்டால் சாவியின் கணக்கு முந்திப்போய்விடும். கொஞ்சம் முந்தினால் கார் பொறுத்துக்கொள்ளும், மிகவும் முந்தினால் அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டபிறகே நம்பும். என் பேத்தி அப்போது மைசூரில் இருந்தாள். இப்பட்சம் அத்துடன் நின்றது.

“எல்லாம் சரி சார், அந்தச் சாவியவே உள்ள விட்டுத் திருப்பக் கூடாதா?” என்றார் ஆட்டோக்காரர்.

அரை மணி நேரமாக என் உள்ளங்கையில் இருந்த அந்த வஸ்து, பக்கவாட்டுப் பொத்தானைத் தொட்டதும், மடக்கிவைத்த இரும்பு அலகைச் சடக்கென்று நீட்டியது. கதவில் துவாரம் இருந்தது. திருப்பினேன், திறந்தது. எஞ்சினும் கிளம்பியது, அதற்குச் செல் தேவையில்லை. சாவிக்குள் இருக்கும் மணி அளவான சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தை, ஸ்டார்ட் செய்யும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதிப்படி, தானே ஊட்டுகிறது. சாவி போடும் துவாரம் இல்லாத புதுமாதிரிக் கார்களிலும், செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிவைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

இனிச் சித்தாந்தம். மறுநாள் காலை தொம்மலூரில் ஒரு கைக்கடிகாரக் கடைக்குப் போனேன். பெரியவர் சாவியை வாங்கி, காதருகே ஆட்டிப் பார்த்து, “செல் ஹோகிதெ சார்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழில், “உள்ளே வேற ஏதோ இருக்கு” என்றார். ஊசிமுனைத் திருப்புளியால் மூடியை நெம்பினார். அடியில் பிளாஸ்டிக்கிலேயே 2032 என்று புடைப்பாக எழுதியிருந்தது. மேலே படுத்திருந்த செல்லின் முதுகிலோ 2025 என்று இருந்தது. இவ்வெண்களுக்குப் பொருள் வெளிப்படை: முதல் இரண்டு இலக்கம் இருபது மில்லிமீட்டர் விட்டம், பின்னிரண்டு கனம், அதாவது 3.2க்குப் பதில் 2.5. வோல்ட் இரண்டுக்கும் மூன்றே. ஆகவே இது 0.7 மில்லிமீட்டர் அளவான பாடபேதம். அந்தப் பாடபேதத்தை மறைக்க, செல்லுக்கும் மூடிக்கும் நடுவே, நான்காக மடித்த ஒரு நகரப் பேருந்து டிக்கெட் செருகப்பட்டிருந்தது.

ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகலைத் தேடி ஆயுளைக் கழித்த மகான்களுக்குக் கிடைத்த ஆனந்தம் எத்தகையதென்று அந்தக் கணம் எனக்குப் புரிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வேறொரு கடையில், கண்ணெதிரே அல்லாமல் திரைக்குப் பின்னால் போட்டுக்கொடுத்த செல் அது. டிக்கெட் நைந்து தளர, செல் ஆட, தொடர்பு விட்டு விட்டு வர, மீதமிருந்த சக்தியும் தேய்ந்திருக்கிறது. சொக்கநாதர் என்று பெயரிட்டு உள்ளே பெருமாளை வைத்தவர்கள் அருள் தரக்கூடியவரையே வைத்தார்கள். இந்தக் கடைக்காரருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பெரியவர் புதிய 2032ஐ, கூட்டல் குறி மேலே தெரியும்படி, விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து வைத்து அழுத்தினார். விலை அறுபது ரூபாய். தெருமுனையில் நின்ற கார் அங்கிருந்தே கண்சிமிட்டியது. பழைய செல்லைக் கடையிலேயே விட்டுவிட்டேன். குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும் பொருள் அது, வீட்டில் வைக்கத் தகாது. டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்து முழுவதும் மங்கிவிட்டபடியால், காலநிர்ணயம் செய்ய இயலவில்லை.

வாசகர்கள் தங்கள் சாவியின் மூடியை இன்றே ஒருமுறை திறந்து, உள்ளே எழுதியிருக்கும் எண்ணும் செல்லின் முதுகிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளக் கோருகிறேன்.