தேரும் கெண்டைக்காலும்

கே: பனியன் கம்பெனியில நாள் முழுக்க உட்கார்ந்தே தையலுங்க. கால்ல ரத்த ஓட்டம் சீராக என்ன பண்றதுங்க?
(ஒரு வாசகர், அவிநாசி)

ப: உங்களூர் சித்திரைத் தேரைப் பாருங்கள். முன்னால் இழுக்க வடம், பின்வாங்காமல் இருக்க முட்டுக்கட்டை. காலிலிருந்து ரத்தம் மேலேறுவதும் அப்படித்தான்: வடம் பிடிப்பது கெண்டைக்கால் தசை, முட்டுக்கட்டை போடுவது சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள். மிதி மிஷின் காலத்தில் காலுக்காவது வேலை இருந்தது! அரை மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள்; சூப்பர்வைசர் முறைத்தால் உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், வலி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். அவிநாசியப்பர் முதலை விழுங்கிய பிள்ளையையே மீட்டுத் தந்தவர்தான். ஆனால் அதற்குச் சுந்தரர் பதிகம் பாட வேண்டியிருந்தது. உங்களுக்குப் பாட வருமா?