அனுமதி உண்டு, மாத்திரை இல்லை

அமெரிக்காவில் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் எலிக்விஸ் மாத்திரைக்கு 2023-இல் பட்டியல் விலை மாதம் 521 டாலர். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பேரம் பேசி, 2026 ஜனவரி முதல் அதை 231 டாலராக்கியது. கத்தரிக்காய்க்குப் பேரம் பேச யாரையும் கேட்க வேண்டாம். மருந்துக்குப் பேரம் பேச மெடிகேருக்கு 2022-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

எலிக்விஸின் மலிவான ஜெனரிக் மாத்திரைக்கு அனுமதி 2019-லேயே கிடைத்துவிட்டது. ஆனால், காப்புரிமை வழக்குகளின் புண்ணியத்தில் 2028 ஏப்ரலுக்கு முன் அது கடைக்கு வராது. அதுவரை அனுமதிக் கடிதத்தைத் தண்ணீர் விட்டு விழுங்கலாம்.

கட்டுப்படியாகாதவர்களுக்கு, ரத்தம் உறையாமலிருக்கவே சாப்பிடும் பழைய மருந்தான வார்ஃபரின் இருக்கிறது. விலை சொற்பம். 1948-இல் எலி மருந்தாக வந்தது. 1955-இல் மாரடைப்பு கண்ட அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். என்ன, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தட்டில் விழும் கீரைக்கும் கணக்கு வைக்க வேண்டும்.